என் தம்பி குடிக்கிறதில்லைங்க!

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. காவேரிப்பட்டினத்தில், சம்பந்தி வீட்டுக் கூடத்தில், பதினாறு பேர் முன்னால் என் தம்பி முனிராஜ் எழுந்து நின்றான். "ஆமாங்க, நான் குடிச்சேன்" என்று ஒப்புக்கொண்டான்.

பொய். சுத்தப் பொய்!

ஐம்பத்து மூன்று வயதாகிறது அவனுக்கு. ஓசூரில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். கம்பெனியில் டூர் போனால் மற்றவர்களுடைய செல்போனையும் வாட்ச்சையும் மடியில் வைத்துக் காவல் காக்கிற ஆள் இவன்தான். கர்நாடக எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கே வரிசையாகப் பாட்டில் கடைகள். ஓசூரில் பாதிப் பேருக்கு அந்தக் கடைகளைத் தெரியும். என் தம்பிக்கு அங்கே பஸ் ஸ்டாப் மட்டும்தான் தெரியும்.

பிறகு ஏன் ஒப்புக்கொண்டான்? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு பிரஷர் ஏறாமல் இருந்தால் சரி.

மூன்று வருடமாக அவனுக்கு வயிற்று வலி. மேல் வயிற்றில் ஆரம்பித்து முதுகு வரைக்கும் போய்க் குத்துகிற வலி. சாப்பிட்டால் வரும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். இதற்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் என்ன தெரியுமா? கேஸ்!

நெஞ்சில் வலித்தால் கேஸ். முதுகில் பிடித்தால் கேஸ். தலை சுற்றினால் கேஸ். நம் ஜனங்களுக்கு உடம்புக்குள் ரத்தம் ஓடுகிறதா, கேஸ்தான் ஓடுகிறதா என்று எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அவன் மனைவி சரோஜா ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கிற கடைக்காரர் எலுமிச்சை சோடா கொடுத்தார். நான் — வாரா வாரம் உங்களுக்கெல்லாம் அறிவுரை எழுதுகிறவள் — மோரில் பெருங்காயம் போட்டுக் குடிடா என்று போனில் சொன்னேன். எங்கள் மூன்று பேருக்கும் மனுஷ உடம்பில் கணையம் என்று ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வரவில்லை.

பதினோரு கிலோ இளைத்தான். "சூப்பர்வைசர் டயட்டுல இருக்காரு டோய்" என்று கேண்டீனில் கிண்டல் செய்தார்களாம். கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் சர்க்கரை என்று வந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. ஒல்லியாகிக்கொண்டே போகிற ஒரு ஆளுக்கு திடீரென்று எப்படிச் சர்க்கரை வரும்? யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மாத்திரை கொடுத்தார்கள், வாங்கிப் போட்டுக்கொண்டான்.

இன்னொரு அறிகுறியும் இருந்தது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டு யாராவது அவஸ்தைப்படுவதற்கு எழுதிவிடுவதே மேல். மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு தண்ணீரில் மிதந்திருக்கிறது. மாதக்கணக்கில்! நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றினாலும் போகவில்லையாம். இதை ஏன்டா கம்பெனி டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டால், "லேடி டாக்டருக்கா... அதைப் போயி எப்டி சொல்றது?" என்கிறான்.

ஏன்டா, அந்தம்மா அதையெல்லாம் கேட்கத்தானே ஐந்தாறு வருடம் படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்? சாப்பிட்ட கொழுப்பைச் செரிக்க வைக்கிற சாறு கணையத்திலிருந்து சரியாக வரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளமாம். சொல்லியிருந்தால் ஒன்றரை வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்திருப்பார்கள்.

சரி, கல்யாணக் கதைக்கு வருகிறேன்.

தம்பிக்கு ஒரே மகள், காவ்யா. இருபத்தாறு வயது. இன்னொரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. ஒரு பாகத்தில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுகிற பெண். அவளுக்குக் காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் தினேஷ், அவனும் ஓசூரில்தான் வேலை பார்க்கிறான். அப்பா ரங்கசாமி மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். வாயாடி. ஆனால் நல்ல மனுஷன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிகிற வரைக்கும் தண்ணீரைத் தவிர எதையும் தொடமாட்டோம். பேச்சு ஒத்து வந்துவிட்டால் அந்த வீட்டில் கை நனைக்க வேண்டும். அதாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கை நனைத்தால் சம்மதம். சாப்பாடு வேண்டாம் என்றால் சம்பந்தமே வேண்டாம் என்று அர்த்தம். பெண்ணைப் பெற்றவன் இலையில் பாதியை மிச்சம் வைத்தால்கூட, என்னமோ மனசில் குறை வைத்துக்கொண்டு போகிறான் என்று பேசுவார்கள்.

தை மாதம் கை நனைக்கப் போனோம். முனிராஜுக்குக் காலையிலிருந்தே வலி. இலையில் நெய் மிதக்கிற கேசரி, போண்டா, வடை, பூரி. ரங்கசாமி பக்கத்திலேயே நின்று தன் கையால் அள்ளி வைத்தார். "இன்னும் ஒண்ணு போடுமா சம்பந்திக்கு. என்னா இது, கோழி கொத்தற மாதிரி கொத்திகினு இருக்காரு!"

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நெற்றியெல்லாம் வேர்வை. நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து அவன் காதில், "சாப்புடுடா, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். அவனும் சாப்பிட்டான். கடைசிப் போண்டா வரைக்கும் சாப்பிட்டான். இதை நினைக்கும்போதெல்லாம் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சூளகிரி தாண்டுவதற்குள் காரிலேயே சுருண்டுவிட்டான். வண்டியை ஓரம் கட்டினோம். என்ன செய்தோம் என்று நினைக்கிறீர்கள்? சோடா வாங்கிக் கொடுத்தோம்! குடித்த வேகத்தில் வாந்தி. அப்புறம்தான் புத்தி வந்து ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அங்கே ஈசிஜி எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். "அப்ப கேஸ்தானே டாக்டர்?" என்று கேட்டாள் சரோஜா. டியூட்டியில் இருந்த சின்ன வயது டாக்டர், நல்லவேளையாக அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் லிப்பேஸ் என்று ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு இருந்தது. "கேஸ் இல்லம்மா. கணையம் வீங்கியிருக்கு" என்றார்.

அடுத்த கேள்வி என் தம்பியைப் பார்த்து: "எவ்ளோ வருஷமா குடிக்கிறீங்க?"

"குடிக்கிறதில்ல சார்."

"சும்மா சொல்லுங்க. மறைச்சா ட்ரீட்மென்ட்தான் லேட்டாகும்."

"நெஜமாவே இல்ல சார்."

டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. கேட்டது தப்பில்லை, கேட்கத்தான் வேண்டும். கணைய வீக்கத்துக்குக் குடி ஒரு பெரிய காரணம், பித்தப்பைக் கல் இன்னொன்று. ஆனால் ஒரு மனுஷன் இல்லை என்று சொன்னால் நம்புவதற்கு ஏன் யாருக்கும் மனசு வரமாட்டேன் என்கிறது?

பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே கதைதான், கன்னடத்தில். "எஷ்டு குடீதீரா?" என்று நர்ஸ் கேட்டார். "குடியோதில்லா மேடம்" என்று இவன் சொன்னான். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு சரோஜாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். போதாதா? இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அண்ணி... ரெண்டாவது ஷிப்டு முடிஞ்சி சில நாள் லேட்டா வருவாரு. ஃப்ரெண்டோட அத்திப்பள்ளி பக்கம் போயிட்டு வர்றேன்னு சொல்லுவாரு. ஒருவேள..."

"ஒருவேளயாவது, மண்ணாவது! அவன் வாயை நீ ஒரு நாளாச்சும் மோந்து பாத்ததில்லயா?"

"எனுக்கு சைனஸு அண்ணி" என்றாள். எனக்கு சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது.

நல்லவேளை, கணைய நிபுணர் பொறுமைசாலி. தமிழ் பேசுகிறவர். வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, அதன் நுனியில் இருக்கிற ஸ்கேன் கருவியால் இரைப்பைக்குள் இருந்தே பக்கத்தில் இருக்கிற கணையத்தைப் பார்த்தார். எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் என்று பெயர். வெளியே வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் தெரியாததெல்லாம் அதில் தெரிகிறது. சிடி ஸ்கேனும் எடுத்தார்கள். கணையத்தின் குழாயில் கல். ஒன்று இரண்டு இல்லை, சரம் சரமாக.

"நம்ம தென்னிந்தியாவுல ரொம்ப காலமா தெரிஞ்ச வியாதிதாங்க இது. குடிக்காதவங்களுக்கு, சின்ன வயசுக்காரங்களுக்குக்கூட வரும். முன்ன காரணம் புரியாம குச்சிக்கிழங்கு, அதாங்க மரவள்ளி, சாப்பிட்டதால வருதுன்னு சொன்னாங்க, சத்துக்குறைவுன்னு சொன்னாங்க. இப்ப ஆராய்ச்சியில, இவங்கள்ல நிறைய பேருக்கு ஜீன்ல சில மாற்றம் இருக்கிறதைப் பாத்திருக்காங்க" என்றார் டாக்டர்.

கணையத்தில் சுரக்கிற என்சைம் குடலுக்குப் போன பிறகுதான் வேலையை ஆரம்பிக்க வேண்டுமாம். சிலருக்கு அது கணையத்துக்குள்ளேயே வேலையை ஆரம்பித்துவிடுகிறது. அதை அடக்கி வைக்க உடம்பில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அது சிலருக்குப் பிறவியிலேயே பலவீனம்.

"பிரேக்கு சரியா புடிக்காத வண்டி மாதிரிங்களா சார்?" என்று கேட்டான் முனிராஜ்.

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

என் தம்பி முகத்தில் மூன்று வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு தெளிவு வந்தது. வண்டி ரிப்பேர் என்றால் அவனுக்குப் புரியும்.

சிகிச்சையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயிற்றைக் கிழிக்கவில்லை. வெளியிலிருந்தே அதிர்வலைகளைச் செலுத்திக் கல்லைப் பொடியாக்கினார்கள். சிறுநீரகக் கல்லுக்குச் செய்கிற மாதிரிதான். அப்புறம் எண்டோஸ்கோப்பில் போய் வழியைச் சுத்தம் செய்து, அடைக்காமல் இருக்க ஒரு சின்னக் குழாயைப் பொருத்தினார்கள். சர்க்கரைக்கு இன்சுலின். கணையம் கெட்டுப்போய் வருகிற சர்க்கரை தனி வகையாம். செரிமானத்துக்கு என்சைம் கேப்சூல். இதைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும். எங்கள் வீட்டுப் புத்திசாலிகள் பத்து நாள் காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரோடு கொடுத்திருக்கிறார்கள். கேட்டால், "வயித்து மாத்திரைன்னா வெறும் வயித்துலதானே அண்ணி?" என்கிறாள் சரோஜா. செரிக்க வைக்கிற மருந்து, செரிப்பதற்கு உள்ளே ஒன்றுமே இல்லாமல் என்ன செய்யும்? இப்போது கேண்டீனில் தட்டு வந்து முதல் கவளத்தோடு போடுகிறான். ஐந்து கிலோ ஏறியிருக்கிறான். வலி பெரும்பாலும் இல்லை.

இதற்கிடையில் நானும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கணைய வீக்கம் வந்தால் நாள்கணக்கில் பட்டினி போடுவது இப்போது குறைந்திருக்கிறது. தாங்குகிறவர்களுக்குச் சீக்கிரமே சாப்பாடு கொடுக்கிறார்கள். கணையப் புற்றுநோய் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஸ்கேன் படத்தில் அதன் சாயலைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்க்கிறார்கள். அவர்கள் அங்கே அவ்வளவு தூரம் போய்விட்டார்கள். நாம் இங்கே சோடா பாட்டிலைத் திறந்துகொண்டிருக்கிறோம்!

சரி. டாக்டர் ஜீன் டெஸ்ட் எழுதினார். சித்திரையில் ரிசல்ட் வந்தது. அவர் சந்தேகப்பட்ட மாற்றம் இருக்கிறது என்று அச்சடித்த ரிப்போர்ட். எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே... என் தம்பி குடிகாரன் இல்லை என்று ஒரு காகிதமே சாட்சி சொல்கிறது! உடனே போட்டோ எடுத்தேன். எங்கள் சொந்தக்கார வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். "எல்லாரும் பாத்துக்குங்க. இது குடியால வந்தது இல்ல, ஜீனால வந்தது" என்று கீழே எழுதியும் வைத்தேன். கொட்டை எழுத்தில் எழுத முடியாதா என்று தேடிக்கூடப் பார்த்தேன்.

அரை மணி நேரத்தில் பாகலூர் சித்தி மகள் கேட்டாள்: "ஜீன்னா பரம்பரை தானே? அப்ப நமக்கும் வருமா?"

அடுத்து ஒருவர்: "காவ்யாவுக்கும் இருக்குமா?"

டாக்டர் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் வியாதி வந்தே தீரும் என்று அர்த்தமில்லை என்று அவர் சொல்லியிருந்தார். அப்போது நான் காதில் பாதிதான் வாங்கினேன். மெசேஜை அழித்தேன். அழித்து என்ன பயன்? அதற்குள் முப்பத்தியொரு பேர் பார்த்தாயிற்று. அதில் ரங்கசாமிக்கு ஒன்றுவிட்ட மச்சான் ஒருவரும் இருந்தார். அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் போட்டது என் கொழுப்பு.

இரண்டு நாளில் ரங்கசாமியிடமிருந்து போன் வந்தது. "ஏதோ ரத்தத்துலயே இருக்குதுன்னு பேசிக்கறாங்கோ. ஒருதபா வந்து பேசிட்டு போங்க." குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்படித்தான் போன ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டினம் போனோம். காவ்யா வரவில்லை, பெண் வருகிற வழக்கமில்லை. கூடத்தில் அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரங்கசாமியே ஆரம்பித்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. பொண்ணு தங்கம். ஆனா நாளைக்குப் பேரன் பேத்தின்னு ஒண்ணு இருக்குது இல்லீங்களா? ரத்தத்துல வர்ற வியாதின்னா..."

நான் ஃபைலைத் திறந்தேன். டாக்டர் சொன்னதைப் படித்துப் படித்துத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் முனிராஜ் எழுந்துவிட்டான்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சம்பந்தி. ஆமாங்க, நான் குடிச்சேன். பல வருஷமா குடிச்சேன். வீட்டுக்குத் தெரியாது. பொண்ணு கல்யாணத்துக்கு இடைஞ்சல் ஆயிடும்னு எங்கக்காதான் ஜீனு கீனுன்னு என்னமோ போட்டுடுச்சி. இப்ப உட்டுட்டேன்."

நான் ஃபைலோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சரோஜா என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில், 'பாத்தீங்களா அண்ணி, நான் அப்பவே சொன்னேனே' என்று இருந்தது. கடவுளே!

கூடத்தில் இருந்த பதினாறு முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரங்கசாமி எழுந்து வந்து என் தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அட! இம்மாந்தானா? இதுக்குப் போயி எதுக்குங்க ஒளிக்கணும்? ஆம்பளைன்னா முன்ன பின்ன இருக்கறதுதானே! ஏய், காபி கொண்டாங்கடி!"

ஒரு பெரியவர் தன் ஈரல் கெட்டுப்போன கதையைச் சொல்ல ஆரம்பித்தார். இன்னொருவர் கிருஷ்ணகிரியில் குடியை நிறுத்த யாரோ மருந்து கொடுக்கிறார்கள் என்றார். முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கலாம் என்று ரங்கசாமியின் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, "நெஜமாவா?" என்று கேட்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் நான் சத்தம் போட்டேன். "ஏன்டா, உனக்கு என்னடா பைத்தியமா? அம்பத்திமூணு வருஷமா சேத்து வச்ச பேரைப் போயி..."

"நம்ம பக்கம் குடிகாரன் வூட்டுப் பொண்ணைக் கட்டறாங்களாக்கா, இல்லியா?"

"கட்டறாங்க."

"ரத்தத்துல வியாதி கீற வூட்டுப் பொண்ணை?"

கேட்டுவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுதானோ என்னவோ, பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. யோசித்துப் பாருங்கள். ஒருவன் தானாகத் தேடிப் போய் வரவழைத்துக்கொண்ட கேட்டை நம் ஊர் தட்டிக்கொடுத்து மன்னிக்கிறது. தன் தப்பே இல்லாமல், பிறப்போடு வந்த ஒன்றுக்கு மட்டும் பெண்ணை வேண்டாம் என்கிறது. இது என்ன நியாயம்? எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்து காவ்யாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "தினேஷுக்கு எல்லாம் தெரியும்ப்பா" என்றாள்.

"எது தெரியும்?"

"எல்லாமே. ரிசல்ட் வந்த அன்னிக்கே நான் சொல்லிட்டேன். ரிப்போர்ட்டையும் காட்டினேன். எனக்கும் இருக்கலாம், இருந்தா என்னான்னு இப்பவே யோசிச்சுக்கோங்கன்னு சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"டாக்டரையே போயி கேட்டுக்கலாம், நானும் வர்றேன்னாரு. ரெண்டு பேரும் போயிட்டு வந்துட்டோம். எனக்கு அந்த மாத்தம் இருந்தாலும் வியாதி வராமலே போகலாமாம். புகை, குடி பக்கம் போகக் கூடாது. வயித்துல வலின்னா கேஸுன்னு உட்கார்ந்துகினு இருக்காம ஆஸ்பத்திரிக்கு வரணும். அவ்ளோதான் சொன்னாரு. அடுத்த வாரம் ரத்தம் குடுக்கப் போறேன். தினேஷும் லீவு சொல்லிட்டாரு."

முனிராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப நான் சொன்னது..."

"அதுதான்ப்பா எனக்கு ஆத்திரமா வருது!" எழுந்து நின்றுவிட்டாள். "என் கல்யாணத்துக்காக உன்னைக் குடிகாரன்னு ஊரெல்லாம் பேசணுமா? நான் கேட்டனா உன்னை?"

போனை எடுத்தாள். நான் தடுப்பதற்குள் ரங்கசாமியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"மாமா, காவ்யா பேசறேன். எங்கப்பா இன்னிக்கு உங்ககிட்ட சொன்னது பொய். அவரு ஒரு நாளும் குடிச்சதில்ல. வியாதி ஜீனாலதான். எனக்கும் இருக்கலாம். அடுத்த வாரம் டெஸ்ட் எடுக்கறேன். என்னா வந்தாலும் உங்களுக்கு நானே சொல்றேன். அதுக்கப்புறம் நீங்க யோசிச்சு முடிவு பண்ணுங்க."

சரோஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"யம்மா காவ்யா..." ரங்கசாமியின் குரல் தழுதழுத்தது. "பெத்தவன் பேரைக் காப்பாத்தணும்னு நிக்கிறே பாரு, நீதான்டா பொண்ணு! எனக்கும் ஒண்ணு இருக்கானே, எங்கியாச்சும் எனக்காக இப்டி ஒரு வார்த்த பேசியிருப்பானா? இப்பவே முடிவு சொல்லிட்டேன், நீதான் என் மருமக."

"மாமா, நான் நெஜமாதான் சொல்றேன்..."

"சரிம்மா, சரிம்மா. அப்பா குடிக்கல. நான் ஒத்துக்கிறேன். போதுமா? டெஸ்ட்டு கிஸ்ட்டெல்லாம் உனக்கு எதுக்கும்மா, நீ என்ன குடிக்கவா போறே?"

வைத்துவிட்டார்.

தினேஷும் சும்மா இருக்கவில்லை. அவன் பங்குக்கு அப்பாவிடம் உட்கார்ந்து ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்துக் காட்டியிருக்கிறான். "தாலி கட்டறதுக்கு முன்னயே மாமனாருக்கு வக்காலத்தாடா?" என்று கேட்டுச் சிரித்தாராம். நான் இரண்டு முறை போன் செய்தேன். ஒருமுறை குடியை விட்டவர்கள் என்னென்ன சாப்பிட வேண்டும் என்று எனக்கே சொல்லிக் கொடுத்தார். இன்னொரு முறை, "பழசையெல்லாம் மறந்துடுங்கம்மா" என்று ஆறுதல் சொன்னார்.

ஆவணியில் கல்யாணம். என் தம்பி, "உடுக்கா, அவ கல்யாணம் நல்லபடியா நடந்தா எனுக்குப் போதும்" என்கிறான். காவ்யாவுக்குப் போதவில்லை. நேற்று வந்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். "அத்த, நீங்கதானே வாரா வாரம் எழுதறீங்க? எங்கப்பா குடிக்கலன்னு எழுதுங்க. ஜீனையும் எழுதுங்க, எனக்கு இருக்கலாம்னும் எழுதுங்க. ஒண்ணையும் மறைக்காதீங்க. பேரு போட்டே எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். என் தம்பி முனிராஜ் இன்றுவரை ஒரு சொட்டுக் குடித்ததில்லை. இது சத்தியம். காவேரிப்பட்டினத்தில் ரங்கசாமி இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர். இதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிப்பார். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மனைவியைக் கூப்பிட்டு என்ன சொல்வார் என்பதும் எனக்கு இப்போதே தெரியும்.

"தம்பி மேல எம்மாம் பாசம் பாரு அந்தம்மாவுக்கு!"